மலையூருக்குப் போயும் அடுப்படியா?

தீபாவளி முடிந்தால் ஊர் உலகமெல்லாம் வேலைக்குத் திரும்பும். எங்கள் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் மட்டும் அப்போதுதான் லீவு ஆரம்பம். வருஷம் முழுக்க மருந்தும் காகிதமும் திரியுமாக ஓடிய பட்டாசு ஆலைகள், பண்டிகையோடு கதவைச் சாத்தினால் மறுபடி திறக்கச் சில வாரமாகும். போனஸ் பணத்தில் கொஞ்சம் கையில் மிச்சம் இருக்கும். தெருவுக்குத் தெரு வேன் பேசுவார்கள். பழநி, திருச்செந்தூர், குற்றாலம், குமுளி என்று ஆளாளுக்கு ஒரு திசை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அரைப்பரீட்சை லீவுக்கோ, மே மாதத்துக்கோ தள்ளிவைப்பார்கள். எப்படியும் வருஷத்துக்கு ஒரு தரம் மலைக்காற்று பட்டுவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் கந்தக பூமிக்காரர்களுக்கு ஓர் ஆசை.

ஆண்கள் சட்டை எடுத்துவைத்தால் அவர்கள் பிரயாண ஏற்பாடு முடிந்தது. நமக்கு? முதல் நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சணும். மிளகாய்ப்பொடி தடவி இட்லி கட்டணும். முறுக்கு, எள்ளுருண்டை, தட்டை. சிலர் இதோடு நிற்பதில்லை. அரிசி, பருப்பு, ஸ்டவ், குக்கர், அரிவாள்மணை என்று அடுப்படியையே வேனில் ஏற்றிவிடுகிறார்கள். மலையில் போய் இறங்கியதும் எல்லாரும் மேகம் பார்க்கப் போவார்கள். நாம் லாட்ஜ் ரூமில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம். மூன்று நாள் கழித்து ஊர் திரும்பினால், நாம் பார்த்தது மலையையா, மலைபோலக் குவிந்த பாத்திரத்தையா என்றே சந்தேகமாக இருக்கும்.

அதனால்தான் இந்த முறை இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: வீட்டுச் சாப்பாடு முதல் ஒரு வேளைக்குப் போதும். பிறகு போகிற ஊரில் என்ன விளைகிறதோ, அங்குள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதைச் சாப்பிடுவோம். அதனால் நமக்கும் லீவு கிடைக்கும். பிள்ளைகளுக்கும் இட்லி தோசைக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது தெரியும். மலையிலே கடை வைத்திருக்கிற பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

அடுப்பை ஏன் ஏற்றக்கூடாது?

சௌகரியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி விடியற்காலை மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். லக்னோவிலிருந்து புண்ணிய யாத்திரை வந்தவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரைத் தேநீர் போடப் பற்றவைத்தபோது தீப்பிடித்து, 9 பேர் இறந்துபோனார்கள். ஒரு வாய்த் தேநீருக்காக இத்தனை உயிர். நெருப்போடு பிழைக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதே இல்லை. மூடிய வண்டிக்குள் கேஸும் மண்ணெண்ணெயும் எமன்.

இன்னொன்றும் சொல்லணும். "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம், ரெண்டு பெட்டி மத்தாப்பு கொண்டுபோவோமே" என்று பையில் அமுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது சட்டப்படி குற்றம். பஸ்ஸிலும் ஆபத்துதான். காட்டு ஓரத்தில் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். மத்தாப்பு வீட்டு வாசலோடு இருக்கட்டும்.

ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி

மலை என்றால் எல்லாருக்கும் கொடைக்கானலும் ஊட்டியும்தான் ஞாபகம் வரும். அங்கே கூட்டம் தாங்காமல், கோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறையே கொண்டுவந்தார்கள். நான் சொல்லப்போவது அவ்வளவு பெயர் போகாத சின்னச் சின்ன மலையூர்கள். போடி வழியாக மலை ஏறி, குமுளி வழியாக இறங்கி வரும் ஒரு வட்டம். மூன்று நாள் போதும்.

எங்கள் பக்கத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் தேனி. அங்கிருந்து போடிநாயக்கனூர் 15 கிலோமீட்டர். ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் மதுரை போய் ஏறலாம். மதுரை-போடி பாதையில் மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றுபோயிற்று. அகலப் பாதையாக்கி, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்குமேல் ரயிலைக் காணாதிருந்த ஊர்க்காரர்கள் முதல் ரயிலை மாலை போட்டு வரவேற்றார்கள்.

கட்டுச்சோற்றை மலை ஏறுவதற்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். புளிச்சோறும் துவையலும் மத்தியானம் தாண்டக் கவலையில்லை. தயிர்சோறு, தேங்காய்ச்சட்னி வேண்டாம். வெயிலில் வண்டிக்குள்ளேயே புளித்துப்போகும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது பால்கோவா வாங்காமல் வரமுடியாதுதான். பாலும் சீனியும் தவிர வேறொன்றும் சேராத அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது வாங்குங்கள். வளைவுப் பாதையில் ஏறும் பிள்ளைக்கு வயிற்றில் இனிப்பும் நெய்யும் இருந்தால் அவஸ்தை யாருக்கு? நமக்குத்தான். கையோடு சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க் குமட்டலுக்கு உப்பும் உறைப்பும் இதம்.

போடி: ஏலக்காய் வாசனை

போடி ஊருக்குள் ஏலக்காய்க் கடைகள் இருக்கிற பக்கமாக நடந்தாலே மூக்கு சொல்லிவிடும். மேலே இடுக்கி மாவட்டத்து மலைகளில் விளைகிற காய், ஏலத்துக்கு வருவது இந்த ஊருக்கும், கேரளத்தில் புற்றடிக்கும்தான். இப்போதெல்லாம் கூவி ஏலம் விடுவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள்.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பது என்று நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். இஞ்சி, மஞ்சள் இனத்துச் செடி அது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் மேலே இல்லை. தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையோடு தரையாகக் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்கணும். ஆடியிலிருந்து தை வரை பறிப்பு. எல்லாக் காயும் ஒரே சமயம் முற்றாது. அதனால் ஒரே செடிக்கு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வரவேண்டும். பறித்த காயை அன்றைக்கே ஸ்டோரில் கொண்டுபோய், மிதமான சூட்டில் ஒரு நாள் வரை உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். விலை ஏன் அப்படி விற்கிறது என்று இப்போது புரிகிறதா?

பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியற்காலை போடியிலும் கம்பத்திலும் பார்த்தால், தூக்குவாளியும் தலைத்துணியுமாக ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறுவார்கள். சாயங்காலம் இறங்குவார்கள். எங்கள் ஊரில் பட்டாசு ஆலை வேனில் ஏறும் பெண்களை அச்சாகப் பார்த்தமாதிரி இருக்கும். அதே தூக்குவாளி, அதே அவசரம். தீபாவளிக்கு வாசலில் எங்கள் பெண்கள் கை பட்ட மத்தாப்பு, உள்ளே பாயசத்தில் அவர்கள் கை பட்ட ஏலக்காய். இரண்டு பக்கமும் பண்டிகைக்கு முந்தி ஓய்வென்பதே கிடையாது.

போடிமெட்டு: மேகத்துக்குள் ஒரு டீ

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முந்தலில் வெயில் கொளுத்தும். பாதி மலை ஏறியதும் ஜன்னல் வழியாகக் குளிர் வரும். மெட்டில் இறங்கினால் மேகம் காலுக்குள் நுழையும். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்ததே வறண்ட காற்றினால்தான். அந்தச் சிவகாசித் தீப்பெட்டியே இங்கே நமுத்துப்போய், ஒரு டீக்கடைக்கார அம்மா நாலு குச்சி உரசிவிட்டு, "உங்க ஊர்க் குச்சிக்கு எங்க ஊர் குளிரு ஒத்துக்கலை" என்று சிரித்தார்.

இங்கே குடிக்கவேண்டியது கட்டன் சாயா. பால் இல்லாத டீ. ஒரு ஏலக்காயைத் தோலோடு தட்டிப்போட்டுத் தருவார்கள். வயிறு பிரட்டிக்கொண்டு ஏறி வந்தவர்களுக்குப் பால் டீயைவிட இது எவ்வளவோ நல்லது.

மெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் என்று சின்னச் சின்ன ஊர்கள். பெயர்களைப் பாருங்கள், எல்லாம் தமிழ் வாசனை. தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். கடையில் பேசத் தயங்கவே வேண்டாம்.

காலைப் பலகாரம் புட்டும் கடலையும். அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் மாற்றி மாற்றிப் போட்டு ஆவியில் வெந்தது. எண்ணெய் இல்லை. கூடவே கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு. வளரும் பிள்ளைக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் இதைவிட நல்ல காலைப் பலகாரம் உண்டா? மத்தியானம் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு. பருக்கை ஒவ்வொன்றும் பெரிசாக இருக்கும். நம் பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கும். கொஞ்சமாக வாங்கி, மோர்க்குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் போகும். வயிறு சரியில்லாதவர்களுக்குக் கஞ்சியும் பயறும் கேளுங்கள். சாயங்காலம் டீக்கடைகளில் வாழையிலையில் மாவைத் தட்டி, வெல்லமும் தேங்காயும் வைத்து மடித்து அவித்த இலையடை கிடைக்கும். நேந்திரம்பழ பஜ்ஜியும் உண்டு. அதற்குப் பழம்பொரி என்று பெயர்.

எங்கள் அத்தைக்கு வெளிச்சாப்பாடென்றால் ஆகாது. "கண்ட கையால செஞ்சதைப் பிள்ளைகளுக்குக் குடுக்கறதா?" என்று கிளம்பும்போதே மல்லுக்கு நின்றார்கள். பூப்பாறையில் ஒரு சின்னக் கடை. கண்ணெதிரே ஆவி பறக்க அடையை இறக்கி, அந்தக் கடைப் பெண் முதல் இலையை அத்தைக்குத்தான் வைத்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மெதுவாக, "வாக்கப்பட்டு வந்து அம்பது வருசம் ஆச்சு தாயி. எல்லாரும் திங்கும்போது நானும் உக்காந்து சூடாத் தின்னது இன்னிக்குத்தான்" என்றார்கள். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதன்பிறகு அந்தப் பிரயாணத்தில் யாரும் ஸ்டவ்வைப் பற்றிப் பேசவில்லை.

அரிசி தின்ற யானை

சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் அணைக்கட்டும் தேயிலைச் சரிவும் பார்க்க அழகு. பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது, யானை இறங்கும் இடம். இங்கே இருந்ததுதான் அரிக்கொம்பன். வீட்டையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகியதால் அந்தப் பேர். 2023 ஏப்ரல் 29-ந் தேதி அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை. மே 27-ல் கம்பம் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஜூன் 5-ல் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மனுஷச் சாப்பாட்டின் ருசி கண்ட மிருகம் பட்ட பாடு, அதனால் ஜனங்கள் பட்ட பாடு, இரண்டும் கொஞ்சமல்ல.

அதனால் மிச்சச் சோற்றையும் பழத்தோலையும் ரோட்டோரம் வீசாதீர்கள். "பாவம் குரங்கு" என்று பிள்ளைகள் கையால் முறுக்கு கொடுக்கவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் தொட்டியில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒரு தரம் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எவர்சில்வர் டம்ளர், ஒரு பெரிய தண்ணீர்க் கூஜா கொண்டுபோனால் பிரயாணம் முழுக்க அதுவே போதும்.

குமுளி: பாதி தமிழ், பாதி மலையாளம்

பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் வழியாகக் குமுளி. வழிநெடுக ஏலத்தோட்டம், மிளகுக்கொடி. குமுளியில் எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பஸ், அந்தப் பக்கம் கேரளப் பஸ். கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே எந்தப் பாஷையில் பேசுவதென்று முடிவு பண்ணிவிடுவார்.

தேக்கடியில் படகில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30-ல் இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். மிதவை உடுப்பை, "போட்டோவுக்கு நல்லாயில்லை" என்று கழற்றாதீர்கள். கைக்குழந்தைக்குப் பொருந்தும் அளவில் இல்லையென்றால் படகே வேண்டாம். கரையிலிருந்தே பார்க்கலாம்.

குமுளியில் சாப்பிடவேண்டியது கப்பை. நம் குச்சிக்கிழங்குதான், மரவள்ளி. தேங்காய் அரைத்துப் போட்டு மசித்து, அசைவக்காரர்களுக்கு மீன்குழம்பும், சைவர்களுக்குச் சின்னவெங்காயச் சம்மந்தியும் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். 1880-85-ல் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசிப் பஞ்சம் தீரவேண்டுமென்று இந்தக் கிழங்கைப் பரப்பினார். அன்றைக்கு ஏழையின் சோறு. இன்றைக்கு அதையே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறோம்.

ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் பயப்படாதீர்கள். பதிமுகம் என்ற மரச்சிராய் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அது. ஆனால் சில இடங்களில் கொதித்த தண்ணீரில் பச்சைத்தண்ணீரை விளாவி வைத்துவிடுவார்கள். "முழுக்கக் கொதிச்சதுதானா?" என்று கேட்டு வாங்குங்கள்.

இறங்கும்போது கம்பம்

குமுளியிலிருந்து இறங்கினால் லோயர்கேம்ப். முல்லைப்பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடித்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுக் துரைக்கு 2013-ல் அங்கே மணிமண்டபம் திறந்தார்கள். அந்த ஊர்ப்பக்கம் சாமிபடத்தோடு அவர் படமும் மாட்டியிருக்கிற வீடுகள் உண்டு. தண்ணீர் பஞ்சத்தில் குடம் தூக்கியே வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் பச்சைப் பந்தல். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு பருவம். இங்கே எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். தோட்டத்து வாசலிலேயே விற்பார்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், பிள்ளைகள் அப்படியே வாயில் போட விடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கால்மணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிக் கொடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுப்பழம் தொண்டையில் சிக்கும். நாலாக நறுக்கி, விதை எடுத்துத்தான் தரணும்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு

மலை ஏறுவதற்கு ஒன்றரை மணி முன்னால் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, நிறைவயிறும் ஆகாது. வாந்தி வரும் பிள்ளையை முன் ஸீட்டுப் பக்கம் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புஸ்தகமும் செல்போனும் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் ஓர் இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். மாத்திரை வேண்டுமானால் குழந்தையின் எடை சொல்லி டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். கைக்குழந்தை வீறிட்டு அழுவது அதனால்தான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துவிடும்.

வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருந்தால் இன்னும் நல்லது. நறுக்கி வைத்த பழமும், ஐஸ் போட்ட பானமும் பிள்ளைகளுக்கு வேண்டாம். கண்ணெதிரே வெந்து சூடாக வருவதைத்தான் வாங்கித் தரணும்.

மலைத்தேன் வாங்கினால், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக்குழந்தையின் நரம்பையே தாக்கிவிடும். அதேபோல் ஜாதிக்காயை உரைத்து ஊற்றித் தூங்கவைக்கும் பழக்கமும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் மழையை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிடும். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடணும்.

வாங்குமுன் பாருங்கள்

ஏலக்காய்: வாய் பிளக்காத, பருத்த, பச்சைக்காயாக எடுங்கள். ஒன்றை உடைத்தால் விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கணும். தோலோடு டப்பாவில் இறுக மூடி வைத்தால் வாசனை போகாது. பாயசத்துக்கு விதை எடுத்த தோலை டீத்தூளில் போட்டுவையுங்கள்.

மிளகு: ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும்.

பட்டை: நிஜமான இலவங்கப்பட்டை காகிதம்போல மெல்லிசாக, பல அடுக்காகச் சுருண்டிருக்கும். ஒரே அடுக்காகத் தடியாக இருந்தால் அது வேறு ஜாதி, விலையும் குறைவு.

தேயிலை: ஈரமான வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் தூவுங்கள். உடனே கறை ஓடினால் சாயம் ஏற்றிய தூள்.

தேனுக்கு வீட்டில் செய்யும் பரீட்சை எதையும் நம்பமுடியாது. முத்திரையும் விலாசமும் உள்ள பாட்டிலாக வாங்குவதே மேல்.

வீட்டில் செய்து பாருங்கள்: கப்பை மசியல்

தேவை: மரவள்ளிக்கிழங்கு அரைக் கிலோ, துருவிய தேங்காய் ஒரு கப், பச்சைமிளகாய் 3, சீரகம் அரை டீஸ்பூன், சின்னவெங்காயம் 5, பூண்டு 2 பல், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், தேங்காயெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், கடுகு, கறிவேப்பிலை, உப்பு.

கிழங்கின் மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். முக்கால் வேக்காட்டில் உப்புப் போட்டு, வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள். இதுதான் முக்கியம். கிழங்கில் இருக்கும் விஷத்தன்மை அந்தத் தண்ணீரோடு போகணும். கசக்கும் கிழங்கைச் சாப்பிடவே கூடாது. தேங்காய், மிளகாய், சீரகம், வெங்காயம், பூண்டு, மஞ்சளைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைத்துக் கிழங்கில் போட்டு, சிறுதீயில் ஐந்து நிமிஷம் மூடிவைத்து, கரண்டிக் காம்பால் மசித்துக் கிளறுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் ஆயிற்று.

தொட்டுக்கொள்ள, பத்து சின்னவெங்காயம், நாலு வறுத்த மிளகாய்வற்றல், நெல்லிக்காயளவு புளி, உப்பு சேர்த்து அம்மியில் தட்டி, பச்சைத் தேங்காயெண்ணெய் குழப்புங்கள். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்கிறார்கள், விருதுநகர் நாக்கு!

சகோதரிகளே, வருஷத்தில் மூன்று நாள் நாம் சமைக்காவிட்டால் குடும்பம் கெட்டுப்போகாது. கிளம்பும்முன் வீட்டுக்காரரிடமும், மாமியாரிடமும் முகம் கோணாமல் சொல்லிவிடுங்கள்: "முதல் வேளை என் கையால. மிச்சமெல்லாம் மலைக்காரங்க கையால." வேனில் ஸ்டவ் இருக்கிற இடத்தில் இன்னும் ஒரு பெண்பிள்ளை உட்காரலாம். ஆலையில் வருஷமெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிற பக்கத்துவீட்டு அக்காவையோ, தனியாக இருக்கிற சித்தியையோ கூட்டிப்போங்கள்.

நீங்கள் போன மலையூரில் என்ன சாப்பிட்டீர்கள், எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில், திரும்பி வந்ததும் காத்திருக்கும் அழுக்குத்துணி மூட்டையையும், ஈரம் பட்ட கம்பளியையும் சமாளிப்பது பற்றிப் பார்ப்போம்.